எடைக்கணக்கு முதலில், வளைவு பிறகு: கணினியில் படகு உடலும் ஏராவும் வரைதல்

படகு வரையும் மென்பொருளில் நீர்க்கோட்டை நாம் எங்கே வைக்கச் சொல்கிறோமோ அங்கேதான் அது வைக்கும். அமிழ்வு 60 சென்ரிமீற்றர் என்று கொடுத்தால், அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் கனவளவைக் கூட்டி, இடப்பெயர்ச்சி, அதாவது படகு விலக்கும் நீரின் எடை, இத்தனை தொன் என்று ஓர் எண்ணைக் காட்டும். கட்டி முடித்த படகு உண்மையில் அத்தனை தொன் நிற்குமா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் வரைபவர். கணினியில் வரைந்த படகுகள் தண்ணீரில் இறங்கியதும் அணியம் (முன்முனை) தாழ்ந்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ, விளிம்புவரை அமிழ்ந்தோ நிற்பதற்கு வளைவுகள் காரணமாவது குறைவு. எடைப்பட்டியல் இல்லாமல் வரையத் தொடங்கியதே பெரும்பாலும் காரணம்.

கொழும்பின் வடகரையில், முகத்துவாரம், மட்டக்குளி தொடங்கி திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகம் வரை கண்ணில் படுபவை பெரும்பாலும் பைபர் படகுகள். நன்றாக ஓடும் ஒரு படகில் இருந்து அச்சு எடுப்பது பழைய வழி. அந்த வழியைக் குறைத்துப் பேசக்கூடாது. ஓடிக் காட்டிய உடலோடு, ஓடிக் காட்டிய எடைப் பங்கீடும் சேர்ந்தே அச்சில் வருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின்னால் இருந்த அறிவு, ஒரே வகைக் கப்பலை ஒரே வகை மரத்தில் ஒரே வகைச் சரக்குக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டியதால் திரண்டது. அச்சை நடுவில் வெட்டி மூன்று அடி நீட்டும்போதோ, வீல்ஹவுஸை (சுக்கான் அறையை) உயர்த்தும்போதோ, எஞ்சினை மாற்றும்போதோ அந்த நிரூபணம் கைவிட்டுப் போகிறது. கணினி தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணப் படகை வைத்துக்கொள்வோம். நீர்க்கோட்டு நீளம் 9 மீற்றர், நீர்க்கோட்டு அகலம் 2.6 மீற்றர், உடலின் அமிழ்வு 0.6 மீற்றர், கனவளவுக் குணகம் (அந்த நீள, அகல, ஆழப் பெட்டியில் உடல் நிரப்பும் பங்கு) 0.42. நான்கையும் பெருக்கினால் 5.9 கன மீற்றர். கடல்நீரின் அடர்த்தி 1.025 என்பதால் இடப்பெயர்ச்சி 6.04 தொன். நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ 16.8 சதுர மீற்றர். ஆகவே ஒவ்வொரு 173 கிலோவுக்கும் படகு ஒரு சென்ரிமீற்றர் அமிழும். இதே படகை நன்னீர் ஏரியில் இறக்கினால் அமிழ்வு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் கூடும். ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு பலர் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல.

இந்த உடலின் நடுவில் 0.9 மீற்றர், அதாவது மூன்று அடி, நீட்டுவதாக வைப்போம். நடுக் குறுக்குவெட்டில் நீருக்குள் இருக்கும் பரப்பு 1.1 சதுர மீற்றர் அளவு. ஆகவே கிடைக்கும் கூடுதல் மேலுதைப்பு சுமார் ஒரு தொன். ஆனால் அதே மூன்று அடியில் 2 மீற்றர் அகலம், 1.2 மீற்றர் ஆழம் கொண்ட ஐஸ் அறை கிடைக்கிறது. அதில் 2.1 கன மீற்றருக்கு மேல் இடம் உண்டு. நொறுக்கிய ஐஸ் கன மீற்றருக்கு 0.7 தொன் என்று பார்த்தால் ஒன்றரைத் தொன் உள்ளே போகும். கூடுதல் ஓட்டின் எடை தனி. நீட்டிய படகு முன்பைவிடத் தாழ்ந்து ஓடுவதன் விளக்கம் இவ்வளவுதான்: அறை வெறுமையாக இருக்கும் என்று எந்த மீனவரிடமும் எதிர்பார்க்க முடியாது.

எடைப்பட்டியல்

ஒரு விரிதாளில் நான்கு நிரல்கள் போதும்: பொருள், எடை, பின்பலகையில் இருந்து நீளவாட்டுத் தூரம், ஏராவின் (படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பின்) அடியில் இருந்து உயரம். ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் புவியீர்ப்பு மையம் கிடைக்கும். இந்தக் கணக்கில் கடினம் எதுவும் இல்லை. கடினம், எடைகளை நேர்மையாகப் போடுவதில் இருக்கிறது.

பைபர் ஓட்டை எடுத்துக்கொள்வோம். சதுர மீற்றருக்கு 450 கிராம் நார்ப்பாய் ஒரு அடுக்கு, எடையில் 30 சதவீதம் நார் இருக்கும்படி ரெசின் ஊறினால், 1.5 கிலோ வரும். தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். 45 சதுர மீற்றர் உடலில் எட்டு அடுக்குப் போட்டால் 540 கிலோ. ரோலரைச் சரியாக ஓட்டாமல் ரெசினைத் தாராளமாக ஊற்றி நார் 25 சதவீதத்துக்கு இறங்கினால், அதே எட்டு அடுக்கு 648 கிலோ. 108 கிலோ கூடியும் வலிமை கூடவில்லை. நாரின் அளவு அதேதான், ரெசின் மட்டும் கூடியிருக்கிறது. வரைபவர் மென்பொருளில் இருந்து பரப்பை எடுக்கலாம். ஆனால் ஒரு அடுக்கின் எடையைப் பட்டறையிலேயே ஒரு சதுர மீற்றர் மாதிரி அடித்து, காய்ந்தபின் தராசில் வைத்துத்தான் அறிய வேண்டும். இது அரைநாள் வேலை. இதைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எஞ்சின் எடையிலும் அடிக்கடி பிழை வரும். விவரத்தாளில் இருப்பது உலர் எடையாக இருக்கலாம். எண்ணெய், குளிர்நீர், கியர்பெட்டி, எக்ஸோஸ்ட் குழாய், எஞ்சின் படுக்கை எல்லாம் வெளியே நிற்கும். டீசல் லீற்றருக்கு 0.84 கிலோ, ஆயிரம் லீற்றர் 840 கிலோ, அதாவது நமது படகில் ஐந்து சென்ரிமீற்றர் அமிழ்வு. கப்பி, கயிறு, நங்கூரம், சமையல் சாமான், நனைந்த வலை, ஆட்கள். வலையை நனைந்த எடையில் போடுங்கள். உலர்ந்த எடை கரைக்கு மட்டும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்கீடும், புவியீர்ப்பு மையத்தின் உயரத்தில் சில சென்ரிமீற்றர் ஒதுக்கீடும் சேர்க்க வேண்டும். கட்டும்போது படகு திட்டத்தைவிட இலேசாக வருவது மிக அரிது.

எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம்? நமது படகை முன்பின்னாக ஒரு சென்ரிமீற்றர் சாய்க்க ஏறத்தாழ 84 கிலோகிராம்-மீற்றர் திருப்பம் (எடையையும் தூரத்தையும் பெருக்கிய அளவு) போதும். 500 கிலோ ஐஸை மூன்று மீற்றர் முன்னே தள்ளி வைத்தால் திருப்பம் 1500. அணியமும் அமரமும் (பின்முனையும்) சேர்ந்து 18 சென்ரிமீற்றர் மாறும். ஐஸ் அறையை வரைபடத்தில் ஒரு தடுப்புச் சுவர் முன்னே நகர்த்துவது சுட்டியின் ஒரு சொடுக்கு. அதன் விலை இதுதான். மேலுதைப்பு மையமும் (நீருக்குள் இருக்கும் கனவளவின் மையம்) புவியீர்ப்பு மையமும் நீளவாட்டில் ஒரே செங்குத்தில் வரும்வரை அறைகளை நகர்த்துவது, உடலின் வளைவுகளைத் தொடுவதற்கு முன்னே முடிய வேண்டும்.

வளைவுகளை வரைதல்

மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். ரைனோ பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் ஓர்கா3டி என்ற இணைப்பு மிதவைக் கணக்குகளைச் செய்யும். மக்ஸ்சேர்ஃப் இத்துறைக்கென்றே செய்யப்பட்டது. டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பு கற்பதற்கும் சிறு படகுகளுக்கும் போதுமானது. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: ரைனோவும் மக்ஸ்சேர்ஃபும் நேர்ப்ஸ் என்ற கணித வளைவு மேற்பரப்பில் இயங்குகின்றன, டெல்ஃப்ட்ஷிப் ஒரு வலையைத் திரும்பத் திரும்பப் பிரித்து மேற்பரப்பை உண்டாக்குகிறது. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இரண்டிலும் உண்டு. அவை மேற்பரப்பின் மேல் இல்லாமல் சற்று வெளியே நின்று அதை இழுக்கின்றன.

பாதி உடலை மட்டும் வரைந்து மறுபாதியைப் பிரதிபலிக்க வேண்டும். நீளவாட்டில் ஆறு அல்லது ஏழு, உயரவாட்டில் நான்கு அல்லது ஐந்து புள்ளிகளோடு தொடங்குவது நல்லது. புதிதாகத் தொடங்குபவர் முப்பது நிரல் புள்ளிகளைச் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனியே தட்டிக் கொண்டிருப்பார். அது முடிவே இல்லாத வேலை. புள்ளி குறைந்தால் வளைவு தானாகவே சீராகும். ஓர் இடத்தில் உருவம் போதவில்லை என்று உறுதியான பின்னரே அங்கே ஒரு வரிசை சேர்க்க வேண்டும்.

திரையில் நிழலிட்ட படத்தை நம்பக்கூடாது. ஒளிவிழும் கோணம் சாதகமாக இருந்தால் எந்த உடலும் வழவழப்பாகத் தெரியும். குறுக்குவெட்டுகள், நீர்க்கோடுகள், நீளவெட்டுகள், மூலைவிட்டக் கோடுகள் ஆகியவற்றை எடுத்து, வளைவின் அளவைப் பற்களாகக் காட்டும் வளைவுச் சீப்பை அவற்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். சீப்பின் பற்கள் மெதுவாக நீண்டு மெதுவாகக் குறைந்தால் கோடு சீர். பற்கள் கோட்டின் மறுபுறம் தாவினால் அங்கே வளைவு திசை மாறுகிறது. அப்படி மாறுவதை நீங்கள் விரும்பி வைத்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமரத்துக்கு அருகே நீர்க்கோட்டுக்குக் கீழே வரும் எதிர்பாராத குழிதான் மிகுந்த தொல்லை தருவது. நீர் அங்கே பிரிந்து சுழலும், புரொப்பெல்லருக்குக் கலங்கிய நீரே போகும். மூலைவிட்டக் கோடுகளைப் பலர் பார்ப்பதில்லை. சாய்ந்து ஓடும் படகில் நீர் ஓடும் வழிக்கு நெருக்கமானவை அவைதான். நீர்க்கோடுகளில் மறையும் மேடு அவற்றில் அகப்படும்.

உருண்டையான அடி வேண்டுமானால், மையக்கோட்டில் உள்ள புள்ளியும் அதற்கு அடுத்த புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரதிபலித்த பின் அடியில் மெல்லிய மடிப்பு ஓடும். திரையில் அது தெரியாது. அச்சில் கைவைத்தால் தெரியும்.

பிளைவூட்டிலோ அலுமினியத் தகட்டிலோ கட்டுவதாக இருந்தால் நிலைமை வேறு. தகடு ஒரு திசையில் மட்டுமே வளையும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் விரிக்கத்தக்க மேற்பரப்பாக இருக்க வேண்டும். எங்கு பார்த்தாலும் அதன் காவுஸ் வளைவு பூச்சியம். ரைனோவில் இதற்கெனக் கட்டளை உண்டு: விளிம்புக் கோட்டையும், பக்கமும் அடியும் சேரும் அடிமடிப்புக் கோட்டையும் கொடுத்தால் இரண்டுக்கும் இடையே நேர்கோடுகளால் மேற்பரப்பை அமைக்கும். அணியத்துக்கு அருகே அந்த நேர்கோடுகள் விசிறிபோல் நெருங்கினாலோ ஒன்றையொன்று வெட்டினாலோ தகடு அங்கே மடங்காது. அடிமடிப்பை அணியத்தில் சற்று உயர்த்துவதோ, விளிம்பின் விரிவைக் குறைப்பதோ வழி. கட்டுமிடத்தில் கிளாம்ப் போட்டு இழுத்துச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை பிளைவூட்டைப் பிளக்கச் செய்யும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. நீரை விலக்கியே ஓடும் இடப்பெயர்ச்சி வகை உடல், தான் எழுப்பும் அலையின் நீளம் தன் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும் வேகத்தில் திணறத் தொடங்கும். முடிச்சுகளில் (மணிக்குக் கடல்மைல்) அந்த வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தின் 2.43 மடங்கு. 9 மீற்றருக்கு 7.3 முடிச்சு. எஞ்சினை இரட்டிப்பாக்கினால் இது இரட்டிப்பாகாது. அமரம் தாழ்ந்து டீசல் எரிவதுதான் மிச்சம். மென்பொருளின் தடைக் கணக்கு மெனுவில் பல முறைகள் இருக்கும். டெல்ஃப்ட் தொடர் பாய்ப்படகு உடல்களுக்கானது. சவிட்ஸ்கி 1964 இல் வெளியிட்ட முறை நீருக்கு மேல் எழுந்து வழுக்கி ஓடும் உடல்களுக்கானது. ஹோல்ட்ரொப் முறை கப்பல்களுக்கானது. பொருந்தாத முறையைத் தேர்ந்தாலும் மென்பொருள் ஓர் அழகான வளைகோட்டைத் தரும். அதை வைத்து எஞ்சின் வாங்கியவர் பணத்தை இழப்பார்.

நிற்குமா?

சிறு கோணங்களில் படகின் நிலைப்பைச் சொல்வது மெற்றாசென்ரர் உயரம். ஜீஎம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். படகு சற்றுச் சாயும்போது மேலுதைப்பின் கோடு படகின் மையக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெற்றாசென்ரர்; அது புவியீர்ப்பு மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதே ஜீஎம். நமது படகில் மேலுதைப்பு மையம் அடியில் இருந்து 0.38 மீற்றரில் இருக்கிறது. அதற்கு மேல் மெற்றாசென்ரர் 1.16 மீற்றர், ஆக மொத்தம் 1.54. புவியீர்ப்பு மையம் 1.00 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஜீஎம் 0.54 மீற்றர். நல்ல எண்.

இப்போது 400 கிலோ வலையும் மிதவையும் 0.8 மீற்றர் உயரத்தில் இருந்த அறையை விட்டு வீல்ஹவுஸ் கூரைக்கு, 3 மீற்றர் உயரத்துக்குப் போகின்றன. புவியீர்ப்பு மையம் கிட்டத்தட்ட 15 சென்ரிமீற்றர் ஏறும், ஜீஎம் 0.39. அடுத்து, படகின் அகலத்துக்கு 2 மீற்றர், நீளத்துக்கு 1.5 மீற்றர் என்று ஒரே டீசல் தாங்கி, பாதி நிரம்பியிருக்கிறது. படகு சாயும்போது டீசலும் அந்தப் பக்கம் ஓடும். அதன் பாதிப்பு 14 சென்ரிமீற்றர். ஜீஎம் 0.25. ஒற்றைத் தள மீன்பிடிக் கப்பலுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு வைத்திருக்கும் எல்லை 0.35. அதே தாங்கியை நடுவே ஒரு சுவரால் இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையிலான குழாயின் வால்வைப் பூட்டி வைத்தால், பாதிப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும்: மூன்றரை சென்ரிமீற்றர். ஜீஎம் மறுபடி 0.35 ஐத் தாண்டும். ஒரு தகட்டுச் சுவர் செய்யும் வேலை இது.

அகலத்தைக் கூட்டினால் நிலைப்பு கூடும் என்பது உண்மை. நீர்க்கோட்டு அகலம் 10 சதவீதம் கூடினால், அகலத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், நீர்மட்டப் பரப்பின் இரண்டாம் திருப்பம் 33 சதவீதம் கூடும். ஆனால் இது தொடக்கச் சாய்வுக்கான நன்மை. விளிம்பு நீரில் மூழ்கிய பின் நிலைப்பைக் காப்பது அகலம் அல்ல, நீருக்கு மேல் விளிம்பின் உயரமும் தளத்தின் நீர்புகாமையும். அதனால் நிமிர்த்து புயத்தின் (சாய்ந்த படகை நிமிர்த்தும் நெம்புதூரத்தின்) முழு வளைகோட்டையும் எடுக்க வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவுகோல்கள்: 30 பாகை வரை வளைகோட்டின் கீழ்ப் பரப்பு 0.055 மீற்றர்-ரேடியன், 40 பாகை வரை 0.090, இரண்டுக்கும் இடையில் 0.030, 30 பாகையிலோ அதற்கு மேலோ புயம் 0.20 மீற்றர். இவை பெரிய கப்பல்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை என்றாலும், சிறிய தளப்படகுக்கும் இதற்குக் கீழே போவதை ஏற்கக்கூடாது.

இங்கே மென்பொருளில் நடக்கும் வழக்கமான பிழை, தளத்தை மூடாமல் விடுவது, அல்லது வீல்ஹவுஸை நீர்புகாத பெட்டியாகக் கணக்கில் சேர்ப்பது. தென்மேற்குப் பருவக்காற்றில் கதவைத் திறந்து வைத்தே ஓடும் வீல்ஹவுஸுக்கு மேலுதைப்பு கொடுக்க முடியாது. அறை மூடிகள், காற்றுக் குழாய்கள், எஞ்சின் அறையின் கதவு, ஒவ்வொன்றையும் நீர் உட்புகும் புள்ளியாகப் பதிய வேண்டும். அவற்றில் முதலாவது மூழ்கும் கோணத்தோடு வளைகோடு முடிகிறது.

பலநாள் படகுக்கு நான்கு நிலைகளையாவது ஓட்டிப் பாருங்கள்: நிறைந்த டீசல், நீர், ஐஸோடு துறையை விட்டுப் புறப்படுதல், நிறைந்த மீனோடும் 30 சதவீத டீசலோடும் கடலை விட்டுத் திரும்புதல், நிறைந்த மீனும் 10 சதவீத டீசலுமாகக் கரை சேர்தல், 20 சதவீத மீனும் 10 சதவீத டீசலுமாகக் கரை சேர்தல். கடைசியை அலட்சியமாக விடுவார்கள். அடியில் இருந்த எடை எல்லாம் போய், நனைந்த வலை மட்டும் மேலே இருக்கும் நிலை அது. பல படகுகளில் மிக மோசமான எண் அங்கேதான் வரும்.

ஏரா

எஞ்சின் படகில் ஏராவின் வேலை நேராக ஓடச் செய்வதும், கரைதட்டும்போது புரொப்பெல்லரைக் காப்பதும். வரையும்போது பார்க்க வேண்டியவை மூன்று. புரொப்பெல்லர் நுனிக்கும் உடலுக்கும் இடையே விட்டத்தின் 15 முதல் 20 சதவீதம் இடைவெளி. 600 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 90 முதல் 120 மில்லிமீற்றர். தண்டின் சரிவு 12 பாகைக்குள். புரொப்பெல்லருக்கு முன்னே முடியும் ஏராவின் பின்விளிம்பு சீவப்பட்டிருக்க வேண்டும். 150 மில்லிமீற்றர் தடிப்பில் சதுரமாக முடியும் ஏரா தனக்குப் பின்னால் ஒரு நிழலை விடுகிறது. ஒவ்வொரு இதழும் அந்த நிழலுக்குள் புகுந்து வெளிவரும்போது அதிர்வு வரும். தண்டின் பேரிங் அடிக்கடி தேய்ந்தால் முதலில் அந்த விளிம்பைப் பாருங்கள்.

பாய்ப்படகின் ஏரா வேறு உயிர். அது நீருக்குள் செங்குத்தாக நிற்கும் சிறகு, அதே நேரத்தில் எடைக்கட்டி. 7.5 மீற்றர் படகுக்கு 26 சதுர மீற்றர் பாய் என்றால், ஏராவின் பக்கப் பரப்பு அதில் சுமார் 3.5 சதவீதம், 0.91 சதுர மீற்றர். ஆழம் 1.1 மீற்றர், மேலே நீளம் 1000 மில்லிமீற்றர், அடியில் 650 என்று வைத்தால் கணக்குச் சரியாக வரும். பொல்கொடை ஏரி, யாழ்ப்பாணக் களப்பு போன்ற ஆழமற்ற நீருக்கு இந்த நிலையான ஏரா பொருந்தாது. தூக்கும் ஏரா தேவை, அது தனிக் கணக்கு.

வெட்டுமுகத்துக்கு நாக்கா 0012 என்ற சமச்சீர் வடிவத்தை எடுக்கலாம். நாசாவுக்கு முன்னோடியான நாக்கா அமைப்பு வகுத்ததால் அந்தப் பெயர். தடிப்பு நீளத்தின் 12 சதவீதம்: மேலே 120 மில்லிமீற்றர், அடியில் 78. ஆயத்தொலைகளைக் கோப்பாக இறக்கும்போது முன்விளிம்புக்கு அருகே புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். முன்விளிம்பின் ஆரை நீளத்தின் 1.58 சதவீதம், 1000 மில்லிமீற்றர் இடத்தில் 16 மில்லிமீற்றர் அளவு. புள்ளிகள் போதாவிட்டால் மென்பொருள் அங்கே கூர்மையாகவோ தட்டையாகவோ வளைவைப் போடும். இரண்டும் சிறு கோணத்திலேயே நீரைப் பிரித்துவிடும். வெட்டுமுகங்களை நீர் ஓடும் திசைக்கு இணையான கிடைத்தளங்களில் வைக்க வேண்டும். முன்விளிம்பு சரிவாக இருப்பதால் அதற்குச் செங்குத்தாக வைத்தால், நீர் சந்திக்கும் உண்மையான வடிவம் மெலிந்து நீண்டுவிடும்.

இந்த ஏராவின் கனவளவு 0.0625 கன மீற்றர் வருகிறது. வார்ப்பிரும்பில் 450 கிலோ. அன்ரிமனி கலந்த ஈயத்தில் 690 கிலோவுக்கு மேல். அதே உருவம், அதே தடை, 240 கிலோ வித்தியாசம். அந்த 240 கிலோவை உடலின் நீர்க்கோடு முதலிலேயே எதிர்பார்த்திருக்க வேண்டும். பொருளைப் பிறகு தீர்மானிக்கலாம் என்று விடுபவர், உடலையும் பிறகு மறுபடி வரைய வேண்டும்.

சிறகாக அது என்ன செய்கிறது? 5 முடிச்சு வேகத்தில், 4 பாகை பக்கவாட்டு நழுவலில், இந்த ஏரா தரும் பக்கவிசை ஏறத்தாழ 770 நியூற்றன். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒன்று. காற்றுத் திசை மாற்றித் திரும்பும் தருணத்தில், வேகம் இழந்த படகு பக்கவாட்டில் வழுக்கிப் போவது அதனால்தான். மிகச் சிறிய ஏரா நல்ல வேகத்தில் மட்டுமே நல்லது. பாயின் மையம் ஏராவும் உடலும் சேர்ந்த பக்கவாட்டு மையத்துக்கு முன்னால், நீர்க்கோட்டு நீளத்தின் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்படி வைப்பது வழக்கம். சாயும்போது பாயின் இழுப்பு படகின் பக்கத்துக்கு வெளியே போய் அணியத்தைக் காற்றுக்குத் திருப்பும். இந்த முன்தூரம் அதை ஈடுசெய்கிறது. திரையில் ஏராவை 20 சென்ரிமீற்றர் நகர்த்தினால் சுக்கானில் உள்ளவரின் கைக்கு வரும் பாரம் முழுதாக மாறும்.

இணைப்பில் உயிர் தங்கியிருக்கிறது. படகு 90 பாகை சாய்ந்து கிடந்தால், 450 கிலோ ஏராவின் எடை மையம் மேல்முனையில் இருந்து 47 சென்ரிமீற்றரில் தொங்கும், திருப்பம் 2.1 கிலோநியூற்றன்-மீற்றர். மேல்முனையின் அகலம் 120 மில்லிமீற்றர்தான் என்பதால், போல்ட்டுகளுக்குக் கிடைக்கும் நெம்புதூரம் 70 மில்லிமீற்றர் அளவு. அப்படியானால் போல்ட்டுகள் சேர்ந்து தாங்க வேண்டிய இழுவை 30 கிலோநியூற்றன், கிட்டத்தட்ட மூன்று தொன். ஈயமானால் நாலரைத் தொன்னைத் தாண்டும். இது பாதுகாப்புக் காரணி சேர்க்காத எண். சிறு படகுகளின் ஏரா இணைப்புக்கான ஐஎஸ்ஓ 12215-9 தரநிலை இந்தப் 90 பாகை நிலையையும், பாறையில் மோதும் நிலையையும் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது. மேல்முனையில் அகன்ற விளிம்புத் தட்டு வைத்து போல்ட்டுகளை விலக்கினால் இழுவை நேர்விகிதத்தில் குறையும். உடலின் உட்புறத்தில் போல்ட்டின் பாரத்தைக் குறுக்கு வங்குகள் (விலாச் சட்டங்கள்) வாங்க வேண்டும். வெறும் ஓட்டில் வாஷர் வைத்து இறுக்குவது போதாது. 2014 மே மாதம் அத்திலாந்திக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற பாய்ப்படகு ஏரா கழன்று கவிழ்ந்து, அதில் இருந்த நால்வரும் மாண்டனர். திரையில் ஏராவுக்கும் உடலுக்கும் இடையே தெரியும் அந்த ஒற்றைக் கோட்டுக்கு வரைபவர் கொடுக்கும் நேரம், முன்விளிம்பின் வளைவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

வார்ப்பதற்கான மாதிரியை வெட்டும்போது சுருக்கத்தைச் சேர்க்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 1 சதவீதம். 1000 மில்லிமீற்றரில் 10 மில்லிமீற்றர். ஈயத்துக்கு வார்ப்பவரிடம் கேட்டு அவருடைய கலவைக்குரிய எண்ணை எடுங்கள்.

திரையில் இருந்து பட்டறைக்கு

மிதவைக் கணக்குக்கு உடலின் வெளிமுகம் தேவை. வெட்டும் சட்டங்களுக்கு உள்முகம் தேவை. 18 மில்லிமீற்றர் மரக்கீற்றில் அச்சு கட்டுபவர் குறுக்குவெட்டை அப்படியே 18 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வெட்டினால் நடுப்பகுதியில் சரி, அணியத்தில் பிழை. தடிப்பு மேற்பரப்புக்குச் செங்குத்தாக எண்ணப்படுகிறது. உடல் மையக்கோட்டோடு 30 பாகை கோணத்தில் வரும் இடத்தில் குறுக்குவெட்டுத் தளத்தில் அது 20.8 மில்லிமீற்றர் ஆகும். மேற்பரப்பையே உள்ளே நகர்த்தி, பிறகு அதில் குறுக்குவெட்டு எடுப்பதே வழி. 12 மில்லிமீற்றர் பிளைவூட் சட்டத்தின் தடிப்பும் சேரும்: அதே 30 பாகையில் ஒரு விளிம்புக்கும் மறுவிளிம்புக்கும் 7 மில்லிமீற்றர் வித்தியாசம். சட்டத்தின் தடிப்பு படகின் நடுவை நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் கீற்று சரியான விளிம்பில் படியும், சீவவும் தேவையில்லை.

வெட்டும் இயந்திரத்துக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பும், வேறொரு மென்பொருளுக்கு ஐஜிஈஎஸ் அல்லது ஸ்டெப் கோப்பும் அனுப்புங்கள். எஸ்டிஎல் கோப்பு முக்கோணங்களின் கூட்டம். அதில் இருந்து வளைவைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு தாளிலும் 1000 மில்லிமீற்றர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, வெட்டுவதற்கு முன் நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அங்குலமும் மில்லிமீற்றரும் குழம்பினால் எல்லாம் 25.4 மடங்கு மாறி உடனே தெரிந்துவிடும்; ஆனால் அச்சிடும்போது தாளுக்குப் பொருந்தச் சுருக்கப்பட்ட 97 சதவீதப் படம் யார் கண்ணிலும் படாது.

பைபர் அச்சில் இருந்து உடல் கழல, பக்கங்கள் இரண்டு மூன்று பாகையாவது விரிந்திருக்க வேண்டும். பின்பலகைக்கு அருகே உள்நோக்கிச் சாய்ந்தால், அல்லது விளிம்பு வெளியே மடிந்தால், அச்சை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இதை அச்சு கட்டுமுன் கோணச் சோதனையில் பார்க்கலாம்.

இறக்கிய பின்

காற்று எழுமுன், விடியற்காலையில், துறைமுகத்தின் அமைதியான மூலையில் படகைத் தளர்ந்த கயிறுகளில் விடுங்கள். தாங்கிகள் முழுதாக நிறைந்தோ முழுதாகக் காலியாகவோ இருக்க வேண்டும். அடியில் தேங்கிய நீரை இறைத்துவிடுங்கள். அணியத்திலும் அமரத்திலும் இருபக்கமும் நீரில் இருந்து விளிம்புவரை அளந்து, அந்த மட்டத்தை மென்பொருளில் கொடுத்தால் வெற்றுப் படகின் உண்மையான எடையும் நீளவாட்டு மையமும் கிடைக்கும். உயரவாட்டு மையத்துக்குச் சாய்வுச் சோதனை. 5 தொன் நிற்கும் படகில் 60 கிலோ மணல்மூட்டையை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு 2 மீற்றர் நகர்த்தி, 1.5 மீற்றர் நீளத் தூக்குநூல் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலில் பாருங்கள். குண்டை எண்ணெய் வாளிக்குள் விட்டால் ஆட்டம் அடங்கும். நூல் 65 மில்லிமீற்றர் நகர்ந்தால் ஜீஎம் 0.55 மீற்றர். மூட்டையைத் திரும்ப வைத்து, மறுபக்கமும் செய்து, சராசரி எடுங்கள். ஆட்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

கிடைத்த எண்களை எடைப்பட்டியலின் மேல் எழுதி, நான்கு நிலைகளையும் மறுபடி ஓட்டுங்கள். வெற்று எடை கணக்கைவிட 200 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் ரெசின் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் எஞ்சின் படுக்கையையும் முதலில் பாருங்கள். ஜீஎம் குறைந்திருந்தால் வீல்ஹவுஸ் கூரையின் அடுக்குகளை எண்ணுங்கள்.